கண் என்னும் வாயில்

நுழையும்முன்

'கண்ணை இமை காப்பது போல' என்பது தமிழ் மக்கள் நாவில் நாள்தோறும் வழங்கும் தொடர். அந்த இமையின் காவலையும் கடந்து கண்ணுக்குள் நுழையும் நச்சுயிரிகள் உள்ளன. வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் ஆய்வகத்திலும் அவை பரவும் வழிகளையும் அவ்வழிகளை அடைக்கும் முறைகளையும் அறிவது, மாணவர்க்கும் நாளைய ஆய்வாளர்க்கும் இன்றியமையாதது. அவ்வறிவை வழங்குகிறது இப்பாடம்.

பார்வையால் பரவுமா?

மழைக்காலத்தில் தமிழகத்து வகுப்பறைகளில் ஒரு காட்சியைக் காணலாம். மாணவர் ஒருவர் கறுப்புக் கண்ணாடி அணிந்து வருவார். அவருடைய கண்கள் சிவந்து, நீர் வடிந்து, இமைகள் வீங்கியிருக்கும். அருகில் இருப்போர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். "அவன் கண்ணைப் பார்க்காதே, ஒட்டிக்கொள்ளும்" என்னும் எச்சரிக்கை வரிசைதோறும் பரவும். ஆனால், முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே மாணவர், சற்று முன்னர் அந்த நண்பரின் எழுதுகோலை வாங்கி எழுதியிருப்பார். எழுதிய கையாலேயே தம் கண்ணைக் கசக்கியும் இருப்பார்.

பார்வையால் எந்த நோயும் பரவுவதில்லை. நச்சுயிரி ஒருவர் கண்ணிலிருந்து மற்றொருவர் கண்ணுக்குச் செல்ல வேண்டுமெனில் அதைச் சுமந்து செல்ல ஒரு பொருள் தேவை. பெரும்பாலும் அப்பொருள் கைவிரலே. துண்டு, தலையணை உறை, கண்மை, கைப்பேசி, கதவின் கைப்பிடி ஆகியன அதற்குத் துணை நிற்கின்றன. கறுப்புக் கண்ணாடி, ஒளியைக் கண்டு கூசும் கண்ணுக்குச் சற்று ஆறுதல் தரும். கண்ணைத் தொடும் பழக்கத்தைக் குறைக்கவும் உதவும். ஆனால், பார்ப்போரை நோயிலிருந்து காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. நோயின் பெயரை அறிந்த மக்கள் அதன் வழியை அறியாதிருப்பதே அது பரவுவதற்குப் பெருங்காரணமாகிறது.

கண்ணின் காவலர்கள்

மனித உடலைத் தோல் என்னும் அரண் சூழ்ந்துள்ளது. அந்த அரணில் இயற்கை வைத்த வாயில்கள் சில உள்ளன. மூக்கும் வாயும் வாயில்கள் என்பதை அனைவரும் அறிவர். கண்ணும் ஒரு வாயில் என்பதைப் பலரும் நினைப்பதில்லை.

இமைகளின் உட்புறத்தையும் விழியின் வெண்பகுதியையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு இமையிணைப்படலம் எனப்படும். விழியின் நடுவே, ஒளியை உள்ளே விடும் தெளிந்த பகுதி கருவிழிப்படலம். இதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மட்டுமே. ஒளி தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதற்காக இதில் குருதிக்குழாய்கள் அமையவில்லை. மென்மையும் ஈரமும் உடைய இப்பகுதிகளின் உயிரணுக்களில் ஒட்டிக்கொண்டு உள்ளே செல்லும் திறனைச் சில நச்சுயிரிகள் பெற்றுள்ளன.

இவ்வாயிலுக்குக் காவல் இல்லாமல் இல்லை. இமைகள் ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாக விழியின்மேல் பரவி, தூசியைக் கழுவுகிறது. பாக்டீரியாவின் சுவரைச் சிதைக்கும் லைசோசைம் என்னும் நொதியும் கண்ணீரில் உண்டு. ஆயினும், கண்ணில் விழுந்தது கண்ணோடு நின்றுவிடுவதில்லை. கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்குள் இறங்கும் மெல்லிய குழாய் வழியாகக் கண்ணீர் வடிகிறது. கண்ணுக்கு மருந்து இட்டால் சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்புத் தோன்றுவது இதனால்தான். மருந்து செல்லும் அவ்வழியில் நச்சுயிரியும் செல்லும். எனவே, கண்ணில் தெறித்த ஒரு துளி கண்ணோய்க்கு மட்டுமன்றி, உடல் முழுவதையும் தாக்கும் நோய்க்கும் காரணமாகலாம்.

தெரியுமா?
கண்ணீரிலுள்ள லைசோசைம் நொதியை 1922ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். பெனிசிலினைக் கண்டறிந்து புகழ்பெற்ற அதே அறிஞரே இவர்.

சென்னையின் பெயர் தாங்கிய நோய்

கண்ணை இளஞ்சிவப்பாக்கும் தொற்று, இந்தியாவின் பல பகுதிகளில் 'மெட்ராஸ் ஐ' என்றே அழைக்கப்படுகிறது. சென்னை எழும்பூரிலுள்ள அரசு கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று அது. சென்னையில் பரவிய, கருவிழியில் புள்ளிகளைத் தோற்றுவித்த கண்ணோய் அலையைப் பற்றிக் கிர்க்பாட்ரிக் என்னும் மருத்துவர் 1920ஆம் ஆண்டில் பிரித்தானியக் கண் மருத்துவ இதழில் எழுதினார். இந்நகரில் கண்டறியப்பட்டதால் நோய்க்கு நகரின் பெயரே நிலைத்தது என்பர்.

இந்நோயைப் பெரும்பாலும் தோற்றுவிப்பவை அடினோ நச்சுயிரிகள். இவற்றின் சில வகைகள் இமையிணைப்படலத்தோடு நில்லாமல் கருவிழிப்படலத்தையும் தாக்கும். கண் சிவத்தல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், நீர் வடிதல், காலையில் பீளையால் இமைகள் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியன இதன் அறிகுறிகள். பெரும்பாலோருக்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் நோய் நீங்கும். சிலருக்குக் கருவிழியில் தோன்றிய நுண்புள்ளிகள் மாதக்கணக்கில் நின்று பார்வையை மங்கச் செய்யும்.

மற்றொரு வகைக் கண்ணோய் 1969ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் தோன்றியது. கண்ணின் வெண்பகுதியில் குருதி கசிந்து செந்திட்டுகளாகத் தேங்குவது இதன் தன்மை. அப்போலோ 11 விண்கலம் நிலவில் இறங்கிய காலத்தில் தோன்றியமையால் மக்கள் இதனை 'அப்போலோ நோய்' என்றனர். என்டரோ நச்சுயிரி 70 என்பது இதற்குக் காரணமென அறியப்பட்டது. வங்கதேச விடுதலைப் போர் நடந்த 1971இல் இந்நோய் இந்தியாவெங்கும் பரவியபோது, கொல்கத்தா மக்கள் அப்போராட்டத்தின் முழக்கமாகிய 'ஜெய் பங்களா' என்பதையே நோயின் பெயராக்கினர். நோய்க்குப் பெயரிடும்போதும் மக்கள் தம் காலத்து வரலாற்றை அதில் பதித்துவிடுகின்றனர்.

மருந்திட்ட கையே பரப்பிய கை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் கப்பல் கட்டும் தளங்களில் இரவும் பகலும் வேலை நடந்தது. உலோகத்தை வெட்டும்போதும் பற்றவைக்கும்போதும் நுண்துகள்கள் தொழிலாளரின் கண்களில் விழுந்தன. அவற்றை எடுக்க அவர்கள் தளத்து மருந்தகங்களில் வரிசையில் நின்றனர். 1941, 1942ஆம் ஆண்டுகளில் அங்கு ஒரு கண்ணோய் அலையலையாகப் பரவியது. 'கப்பல்தளக் கண்' என்றே அதற்குப் பெயர் ஏற்பட்டது.

உலோகத் துகள் தொற்றைக் கொண்டு வரவில்லை. ஒருவர் கண்ணைத் தொட்ட கையும் கருவியும் தூய்மை செய்யப்படாமல் அடுத்தவர் கண்ணைத் தொட்டதே பரவலுக்கு வழி வகுத்தது. கண்ணைக் காக்கச் சென்ற இடத்திலேயே கண்ணோய் காத்திருந்தது. 1955ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஜாவெட்ஸும் அவர்தம் குழுவினரும் இவ்வகை நோய்க்குக் காரணமான அடினோ நச்சுயிரியின் எட்டாம் வகையைப் பிரித்தறிந்தனர்.

அடினோ நச்சுயிரிக்குக் கொழுப்பாலான வெளியுறை இல்லை. ஆகவே, கைகளில் தேய்க்கும் ஆல்கஹால் நீர்மத்தை அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். உலர்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் வீரியம் குன்றாமல் இருக்க வல்லது. இதனால், சோப்பிட்டு ஓடும் நீரில் கைகளை நன்கு தேய்த்துக் கழுவுதலும் கருவிகளை உரிய வேதிப்பொருளால் தூய்மை செய்தலும் கண் மருத்துவமனைகளின் மாறா விதிகளாயின.

ஆய்வகத்தில் தெறித்த துளி

நோயாளியின் கண்ணில் இருப்பதைவிடப் பன்மடங்கு செறிவான நச்சுயிரி, ஆய்வகத்தின் சிறு குப்பிக்குள் இருக்கும். அங்கு நேரும் சிறு பிழையும் பெரிதாகும்.

மெல்போர்ன் நகரில் பணியாற்றிய ஆஸ்திரேலிய அறிவியலாளர் பிராங்க் மேக்பார்லேன் பர்னெட், 1943ஆம் ஆண்டில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்தார். கோழிகளைத் தாக்கும் நியூகேசில் நோயின் நச்சுயிரியைக் கருவுற்ற முட்டைகளில் வளர்த்து ஆராய்வது அக்கால வழக்கம். அவ்வாறு வளர்த்த முட்டை நீர்மம் ஆய்வகப் பணியாளர் ஒருவரின் கண்ணில் தெறித்தது. அவருக்குக் கண் சிவந்து வீங்கியது. கோழி நோயின் நச்சுயிரி மனிதரின் கண்ணையும் தாக்கும் என்பதற்கு அது சான்றாயிற்று.

இந்நோய் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. இந்தியாவில் 'ராணிக்கெட் நோய்' என்றும் தமிழகச் சிற்றூர்களில் 'வெள்ளைக்கழிச்சல்' என்றும் வழங்கப்படுவது இதுவே. இதனைத் தடுக்கக் கோழிக்குஞ்சுகளின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டுமருந்து இடப்படுகிறது. அம்மருந்தில் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள நச்சுயிரி உள்ளது. மருந்திடுவோர் அதே கையால் தம் கண்ணைத் தேய்த்தால் கண் சிவக்கக்கூடும். பெரும்பாலும் அது ஒரு வாரத்தில் வடுவின்றி ஆறிவிடும்.

விலங்குகளின் நச்சுயிரி மனிதரின் கண்ணை நாடி வருவது இவ்வொரு நோயோடு நிற்கவில்லை. நெதர்லாந்து நாட்டில் 2003ஆம் ஆண்டில் எச்7என்7 என்னும் பறவைக் காய்ச்சல் பரவியபோது 89 மனிதர்களுக்குத் தொற்று உறுதியானது. அவர்களுள் பெரும்பாலோர்க்கு வந்தது காய்ச்சலன்று; கண்ணழற்சியே. அவர்களுள் கால்நடை மருத்துவர் ஒருவர் மட்டும் நுரையீரல் பாதிப்பால் உயிரிழந்தார்.

பெட்டகத்திற்கு வெளியே

பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்படுவது வக்சீனியா என்னும் நச்சுயிரி. 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்த பின்னரும், மரபணு ஆய்வுகளுக்காக வக்சீனியா ஆய்வகங்களில் வளர்க்கப்படுகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 2004ஆம் ஆண்டில், தடுப்பூசி பெறாத ஆய்வகப் பணியாளர் ஒருவரின் கண்ணில் வக்சீனியா தொற்றியது. நச்சுயிரியின் மரபணுக் கூறுகளை ஒப்பிட்டபோது, அவர் தம் சோதனையில் கையாண்ட தனித்திரிபே அது எனத் தெரிந்தது.

நச்சுயிரிகளைக் கையாளுவதற்கென உயிரிப் பாதுகாப்புப் பெட்டகம் என்னும் கருவி உண்டு. உள்ளிருக்கும் காற்றை நுண்வடிகட்டியில் செலுத்தி, நுண்துளிகள் வெளியேறாமல் அது தடுக்கும். அதன் முன்புறக் கண்ணாடித் தடுப்பு முகத்தில் துளி தெறிக்காமல் காக்கும். பிலடெல்பியாவில் அச்சோதனையின் ஒரு பகுதி பெட்டகத்திற்கு வெளியே செய்யப்பட்டிருந்தது. தொண்ணூறு பங்கு விதியைப் பின்பற்றி, பத்துப் பங்கை விட்டுவிட்டால், நச்சுயிரி அந்தப் பத்துப் பங்கின் வழியே வந்துவிடுகிறது.

நாற்பத்திரண்டு நாள்கள்

ரீசஸ் இனக் குரங்குகளின் உடலில் 'பி' நச்சுயிரி என்னும் ஒன்று வாழ்கிறது. குரங்குக்கு அது வாயில் சிறு கொப்புளங்களுக்கு மேல் தீங்கு செய்வதில்லை. மனித உடலில் புகுந்தாலோ மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும். 1932ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாத ஆய்வில் ஈடுபட்டிருந்த வில்லியம் பிரெப்னர் என்னும் இளம் மருத்துவரைக் குரங்கொன்று கடித்தது, அவர் உயிரிழந்தார். அவர் உடல் திசுக்களிலிருந்து அந்நச்சுயிரியைப் பிரித்தறிந்து 1934இல் விளக்கியவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் சாபின். பின்னாளில் போலியோ சொட்டுமருந்தை உருவாக்கியவரும் அவரே. அதன்பின் குரங்கின் கடிக்கும் கீறலுக்கும் ஆய்வாளர்கள் அஞ்சினர். கண்ணுக்கு அஞ்ச வேண்டும் என்பதை உலகம் பின்னரே கற்றது.

1997ஆம் ஆண்டு அக்டோபர் 29. அமெரிக்காவிலுள்ள குரங்கின ஆய்வு மையம் ஒன்றில் 22 வயது இளம்பெண் ஒருவர், குரங்கு அடைக்கப்பட்ட கூண்டை நகர்த்திக்கொண்டிருந்தார். குரங்கிடமிருந்து ஏதோ ஒன்று தெறித்து அவருடைய வலக்கண்ணில் பட்டது. கடியில்லை; கீறலில்லை; குருதியில்லை. கூண்டை நகர்த்துவது இடர் குறைந்த பணியெனக் கருதப்பட்டதால் அவர் காப்புக் கண்ணாடி அணிந்திருக்கவில்லை. காகிதத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பணியைத் தொடர்ந்தார். ஏறத்தாழ 45 நிமிடங்கள் கழித்து, 2 நிமிடம் கண்ணைக் கழுவினார்.

பத்து நாள்களில் கண் சிவந்து வீங்கியது. கண்ணில் தோன்றிய நோய் நரம்பு மண்டலத்தை எட்டியது. மருத்துவர்களின் முயற்சிகள் பயன் தரவில்லை. டிசம்பர் 10ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. கண்ணில் துளி பட்ட நாளிலிருந்து நாற்பத்திரண்டு நாள்களே கடந்திருந்தன. ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சிக்காக அவர் குடும்பத்தினர் ஓர் அறக்கட்டளையை நிறுவினர். இவ்வகைக் குரங்குகளின் அருகில் செல்லும் ஒவ்வொருவரும், செய்யும் பணி எதுவாயினும், கண்காப்பு அணிய வேண்டும் என்பது அதன்பின் வலியுறுத்தப்பட்டது.

தெரிந்து தெளிவோம்
ஆய்வகத்தில் கண்ணில் ஏதேனும் தெறித்தால்:
1. கண்ணைக் கசக்குதலும் துடைத்தலும் கூடாது.
2. உடனே கண்கழுவும் குழாய்க்குச் செல்ல வேண்டும். அது இல்லையெனில் தூய நீர்க்குழாயைப் பயன்படுத்தலாம்.
3. இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, 15 நிமிடம் இடைவிடாது கழுவ வேண்டும்.
4. தொடுவில்லை அணிந்திருந்தால், கழுவும்போதே அதனை அகற்ற வேண்டும்.
5. பொறுப்பாளரிடம் தெரிவித்துவிட்டு மருத்துவரை நாட வேண்டும்.

காவலின் படிகள்

ஆய்வகப் பாதுகாப்பு ஒற்றைப் பூட்டன்று. ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த பல கதவுகள். நச்சுயிரியின் கொடுமைக்கேற்ப ஆய்வகங்கள் நான்கு பாதுகாப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பள்ளி ஆய்வகம் முதல் நிலையைச் சார்ந்தது. மிகக் கொடிய நச்சுயிரிகளைக் கையாளும் நான்காம் நிலை ஆய்வகம் புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தில் அமைந்துள்ளது.

நிலை எதுவாயினும் அடிப்படைப் பழக்கங்கள் ஒன்றே. துளி தெறிக்கக்கூடிய பணிகளைப் பெட்டகத்திற்குள் செய்தல் முதற்படி. குழாய்களைக் குலுக்குதல், மூடியைத் திறத்தல், பிப்பெட்டின் முனையிலிருந்து இறுதித் துளியை ஊதி வெளியேற்றுதல் ஆகியவை கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளை எழுப்பும். மையவிலக்கி முற்றிலும் நின்ற பின்னரே அதன் மூடியைத் திறக்க வேண்டும். பெட்டகத்திற்கு வெளியே பணிபுரிய நேர்ந்தால் பக்கங்களும் மூடிய காப்புக் கண்ணாடியும் முழுமுகத் தடுப்பும் தேவை. பார்வைக் குறைக்காக அணியும் மூக்குக்கண்ணாடி காப்புக் கண்ணாடி ஆகாது. அதன் பக்கவாட்டிலும் மேலும் கீழும் துளி புகும் இடைவெளி உண்டு. கையுறை அணிந்த கை முகத்தை நாடக் கூடாது. பணி முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகளைக் கழுவ வேண்டும்.

இந்த ஒழுங்கே இல்லத்திற்கும் பொருந்தும். கண்ணோய் உற்றவர் தமக்கெனத் தனித் துண்டும் தலையணையும் வைத்துக்கொள்ள வேண்டும். நோய் தணியும்வரை பள்ளிக்கு விடுப்பெடுத்தல் நலம். கடையில் தாமாகவே சொட்டுமருந்து வாங்கி இடுதல் பெருந்தவறு. ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பை விரைவில் தணிக்கும். ஆனால், கண்ணில் இருப்பது அக்கி வகை நச்சுயிரியாயின் அதே மருந்து கருவிழியின் புண்ணை ஆழமாக்கிப் பார்வையைப் பறிக்கவும் கூடும்.

மறைக்காத சொல்

விதிகளும் கருவிகளும் எத்தனை இருந்தாலும் பிழை நேரும். பிழை நேர்ந்த பின் மனிதர் என்ன செய்கிறார் என்பதில்தான் பாதுகாப்பின் எஞ்சிய பாதி அடங்கியுள்ளது. குப்பி கைதவறி உடைந்தால் இளம் ஆய்வாளர் இருவகை அச்சத்துக்கு ஆளாகிறார். ஒன்று நோய் பற்றியது. மற்றொன்று ஏச்சு பற்றியது. இரண்டாவது அச்சம் முதலாவதை வென்றுவிட்டால், அவர் மௌனமாகத் தரையைத் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். நோயின் முதல் மணித்துளிகள் அம்மௌனத்தில் வீணாகும்.

ஆகவே, நல்ல ஆய்வகம் என்பது பிழையே நேராத இடமன்று. நேர்ந்த பிழையை அச்சமின்றிச் சொல்ல இடம் தரும் இடம். சொன்னவரை ஏசாமல், கழுவும் குழாய்க்கு அழைத்துச் செல்வதே பொறுப்பாளரின் முதற்கடமை. கப்பல்தளத்துத் தொழிலாளரும் மெல்போர்ன் பணியாளரும் பிலடெல்பியா ஆய்வாளரும் உற்ற இன்னல்கள் பதிவு செய்யப்பட்டமையால்தான் இன்றைய விதிகள் உருவாயின. ஆய்வகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் ஒவ்வொரு விதிக்குப் பின்னும் யாரோ ஒருவர் பட்ட துன்பம் உண்டு.

இமை தானாக மூடும். அதற்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கண்ணாடியை எடுத்து அணிவதும், கையைக் கழுவுவதும், நேர்ந்ததை உரைப்பதும் தாமாக நிகழ்வன அல்ல, பழக்கத்தால் வருவன. அப்பழக்கத்தைப் பள்ளி ஆய்வகத்தின் முதல் நாளிலேயே தொடங்குவோர், தம் கண்ணை மட்டுமன்றி அருகில் நிற்பவர் கண்ணையும் காப்பர்.

கலைச்சொல் அறிவோம்
இமையிணைப்படலம் – கன்ஜங்டைவா
கருவிழிப்படலம் – கார்னியா
நச்சுயிரி – வைரஸ்
நொதி – என்சைம்
தொடுவில்லை – கான்டாக்ட் லென்ஸ்

கற்பவை கற்றபின்
1. 'மெட்ராஸ் ஐ' குறித்து உங்கள் பகுதியில் நிலவும் நம்பிக்கைகளைத் தொகுத்து, அவற்றுள் அறிவியலுக்குப் பொருந்துவன, பொருந்தாதன எவை என அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் கண்ணைக் காக்க உள்ள ஏற்பாடுகளைப் பார்வையிட்டு, தேவையான மாற்றங்களைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக.
3. 'பிழையை ஒப்புக்கொள்வது இழிவன்று' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு
1. கண்ணில் தெறித்த துளி உடலின் பிற பகுதிகளையும் பாதிப்பது எவ்வாறு?
2. கப்பல்தளங்களில் கண்ணோய் பரவிய முறையை விளக்குக.
3. 1997ஆம் ஆண்டு நிகழ்வு ஆய்வகப் பாதுகாப்புக்கு உணர்த்தும் பாடங்களைத் தொகுத்து எழுதுக.